ஆங்கில ஃப்ரேசல் வெர்ப்களும் மரபுத்தொடர்களும்: பட்டியலை மனப்பாடம் செய்யாமல் பழகும் முறை

‘தள்ளிப்போடு’ என்கிறோம். அங்கே யாரும் எதையும் தள்ளுவதில்லை, எங்கேயும் போடுவதில்லை, தேதிதான் மாறுகிறது. ‘கண்டுபிடி’ என்பதில் கையால் பிடிக்க ஒன்றுமில்லை. ‘விட்டுக்கொடு’ என்பதை விட்டு, கொடு என்று பிரித்துப் பொருள் சொல்லிப் பாருங்கள், வராது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இணையானவை புட் ஆஃப், ஃபைண்ட் அவுட், கிவ் இன். இவைதான் ஃப்ரேசல் வெர்ப்கள். நம் மொழியில் ஒரு வினைக்குப் பின்னால் விடு, கொள், போடு, தள்ளு என்று இன்னொரு வினை ஒட்டிக்கொண்டு பொருளைத் திருப்பிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை அப், ஆஃப், அவுட், ஆன் போன்ற குட்டிச்சொற்கள் செய்கின்றன. ஆகவே தமிழருக்கு இந்த விஷயம் புதியதல்ல.

சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. இரண்டு சொற்களுக்கும் நடுவே வேறு சொல் புகுந்துகொள்கிறது. தமிழில் ‘தள்ளி’க்கும் ‘போடு’வுக்கும் நடுவே எதையும் நுழைக்க முடியாது. மூன்றாவது, காதில் விழும்போது எல்லாம் ஒட்டிப்போய் ஒரே சொல்லாகக் கேட்கிறது. பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்விக்காகப் படித்த பட்டியல் இந்த மூன்றில் எதையும் தீர்ப்பதில்லை.

முதல் படி: எத்தனை போதும் என்று முடிவு செய்யுங்கள்

சந்தையில் ‘1000 ஃப்ரேசல் வெர்ப்கள்’, ‘2000 மரபுத்தொடர்கள்’ என்று தொகுப்புகள் கிடைக்கின்றன. வாங்க வேண்டாம். டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இருவர் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸை (உண்மையான ஆங்கிலப் பேச்சும் எழுத்தும் அடங்கிய தொகுப்பு) ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறும் 20 வினைகள், 8 குட்டிச்சொற்களோடு சேர்ந்து உருவாகும் கூட்டுகளே அதிலுள்ள ஃப்ரேசல் வெர்ப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் என்பது அவர்கள் கண்டது. கோ, கம், டேக், கெட், செட், புட், பிக், கிவ், டர்ன், ஃபைண்ட் போன்ற சாதாரண வினைகள்தாம் அவை. 2015இல் மெலோடி கார்னியே, நார்பர்ட் ஷ்மிட் இருவரும் அதிகம் புழங்கும் 150 ஃப்ரேசல் வெர்ப்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் உண்மையில் புழங்கும் பொருள்களை மட்டும் பிரித்துக் கொடுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு பொருள்தான் வருகிறது. பேவ் லிஸ்ட் (PHaVE List) என்று தேடினால் கிடைக்கும்.

அந்த 150 உங்கள் இலக்கு. நாளைக்கு மூன்று, வாரத்தில் ஐந்து நாள் என்றால் பத்து வாரத்தில் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே கையில் இருப்பதை எண்ணிக்கொள்ளுங்கள்

பிக்கப், செட்டப், மேக்கப், பேக்கப், செக்கப், பில்டப், ஃபாலோ அப், ஒர்க் அவுட், பிரேக்டவுன், லாக்டவுன். அன்றாடத் தமிழ்ப் பேச்சில் இப்படிச் சில டஜன் இருக்கின்றன. ‘அந்த பிளான் ஒர்க் அவுட் ஆகாது’ என்பவருக்கு ஒர்க் அவுட்டின் ஒரு முக்கியப் பொருள் கைவசம். ஆனால் தமிழுக்குள் வந்தபோது இவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களாகி, ‘பண்ணு’, ‘ஆகு’ என்பவற்றோடு ஒட்டிக்கொண்டன. ஆங்கிலத்தில் பேசும்போது மறுபடி வினையாக்க வேண்டும். அப்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன.

ஒன்று, காலம் காட்டும் ஒட்டு தவறான இடத்தில் போய் விழுகிறது. ‘ஐ பிக்கப்டு ஹிம்’ இல்லை, ‘ஐ பிக்ட் ஹிம் அப்’. ‘லாகின்டு’ இல்லை, ‘லாக்டு இன்’. காலமும் ‘இங்’கும் எப்போதும் வினையின் மேல்தான் ஏறும்; குட்டிச்சொல் மாறவே மாறாது. எழுத்திலும் இதே கதை. பெயர்ச்சொல்லாக லாகின், செட்டப், பேக்கப் ஒரே சொல். வினையாக லாக் இன், செட் அப், பேக் அப் இரண்டு சொற்கள்.

மற்றொன்று, தமிழில் புழங்கும் ஒரு பொருளோடு நின்றுவிடுவது. மேக்கப் என்றால் முகப்பூச்சு மட்டும்தான் நினைவுக்கு வரும். மேக் அப் வினையாக வரும்போது கதை கட்டுவது, சண்டைக்குப் பின் ராசியாவது என்றும் பொருள். பின்னால் ‘ஃபார்’ சேர்ந்தால் இழந்ததை ஈடுகட்டுவது. பிக் அப் இன்னும் விரிவானது: ஸ்டேஷனுக்குப் போய் ஆளை அழைத்துக்கொள்வது, போனை எடுப்பது, வகுப்புக்குப் போகாமலேயே ஒரு மொழியைக் காதால் பழகிக்கொள்வது, மந்தமாகக் கிடந்த வியாபாரம் சூடுபிடிப்பது. தெரிந்த பத்துச் சொற்களை எடுத்து, தெரியாத இரண்டாவது பொருளை அகராதியில் பார்த்து எழுதுங்கள். முதல் வாரத்துக்கு அது போதும்.

மூன்றாம் படி: குட்டிச்சொல்லின் குணத்தைப் பிடியுங்கள்

பெரும்பாலோர் வினையைப் பிடித்துக்கொண்டு படிக்கிறார்கள்: டேக் ஆஃப், டேக் ஆன், டேக் அப், டேக் ஓவர், டேக் அவுட் எல்லாம் ஒரே நாளில். மறுநாள் எது எதுவென்று தெரியாமல் கலங்கிப்போகும், ஏனென்றால் ஒரே முகத்துக்கு ஐந்து பெயர் வைத்தது போல் ஆகிவிடுகிறது. குட்டிச்சொல்லை மையமாக வைத்து, ஒரே குணமுள்ள மூன்றை ஒன்றாகப் படிப்பது மேல்.

அப் என்பதன் பலமான குணம் ‘முழுக்கச் செய்து தீர்த்தல்’. ஈட் என்றால் சாப்பிடு. ஈட் அப் என்றால் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. யூஸ் அப், தீர்த்துவிடு. ஃபில் அப், நிரப்பிவிடு. நம் ‘விடு’வுக்கு மிக அருகில் வருவது இதுதான். அப்புக்கு இரண்டாவது குணம் கூடுதல்: ஸ்பீட் அப், ஸ்பீக் அப். சத்தத்தைக் கூட்டுவது டர்ன் அப்.

டவுன் குறைவையும் நின்றுபோவதையும் காட்டும்: ஸ்லோ டவுன், டர்ன் டவுன், ஷட் டவுன், பிரேக் டவுன். டர்ன் டவுனுக்கு ‘வேண்டாம் என்று மறுத்துவிடு’ என்ற பொருளும் உண்டு. வேலை வாய்ப்பு, திருமணப் பேச்சு, அழைப்பு எதற்கும் பொருந்தும்.

அவுட்டுக்கு மூன்று குணம், மூன்றும் அடிக்கடி வருபவை. மறைந்திருந்தது வெளிவருவது: ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட். இருந்தது தீர்ந்துபோவது: ரன் அவுட், வேர் அவுட். பலருக்கும் கொடுப்பது: ஹேண்ட் அவுட், கிவ் அவுட். ஆஃப் விலகுவது, அறுபடுவது. டேக் ஆஃப், செட் ஆஃப், கட் ஆஃப். நிகழ்ச்சிகளோடு வந்தால் நடக்காமல் போவது. புட் ஆஃப் தள்ளிவைப்பது, கால் ஆஃப் அடியோடு ரத்து செய்வது. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஒருவர் கூட்டத்துக்கு வராமலே இருந்துவிடுவார். ஆன் ‘கொண்டே இரு’: கோ ஆன், கேரி ஆன், கீப் ஆன். ஓவர் மறுபடி பார்ப்பது: கோ ஓவர், திங்க் ஓவர். பேக் திரும்புவது, அதில் விளக்க ஒன்றுமில்லை.

இந்தக் குணங்கள் எல்லா இடத்திலும் சரிப்பட்டு வரும் என்று நம்பிவிடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தை ஃபில் இன் செய்தாலும் ஃபில் அவுட் செய்தாலும் ஒன்றுதான். வீடு எரிந்து தரைமட்டமானால் பர்ன் டவுன், காகிதம் எரிந்து தீர்ந்தால் பர்ன் அப். குணம் தெரிந்திருந்தால் பாதி ஊகிக்கலாம், மீதிக்கு அகராதிதான்.

நான்காம் படி: ‘இட்’ எங்கே நிற்கும்?

இலக்கணத்தில் அதிகம் சறுக்கும் இடம் இது.

‘டர்ன் ஆஃப் த ஃபேன்’ சரி. ‘டர்ன் த ஃபேன் ஆஃப்’ என்பதும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. ஹிம், ஹெர், தெம், மீ எல்லாவற்றுக்கும் இதே விதி. ‘மாடி அறையில் புதிதாக மாட்டிய ஃபேன்’ என்று பெயர் நீண்டுபோனால், அதைக் கடைசியில் வைப்பதுதான் இயல்பு.

இன்னொரு கூட்டம் பிரியவே பிரியாது. லுக் ஆஃப்டர் (பார்த்துக்கொள்), லுக் இன்டு (விசாரி), ரன் இன்டு (எதேச்சையாகச் சந்தி), லுக் ஃபார் (தேடு). இவற்றில் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ மட்டுமே சரி. ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ கிடையாது. எது எந்தக் கூட்டம் என்று எப்படித் தெரியும்? ஆஃப்டர், இன்டு, ஃபார், வித், அட் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் பெயர் நிற்கும். அப், அவுட், ஆஃப், அவே, பேக் ஆகியவை பெரும்பாலும் பிரியும். ஓவர், ஆன், த்ரூ இரண்டு பக்கமும் சாயும்: ‘திங்க் இட் ஓவர்’, ஆனால் ‘கெட் ஓவர் இட்’. சந்தேகம் வந்தால் லாங்மேன் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியை இணையத்தில் திறங்கள்; இலவசம். வினைக்கும் குட்டிச்சொல்லுக்கும் நடுவே இரு முனை அம்புக்குறி இருந்தால் பிரியும் என்று பொருள்.

மூன்று சொல் கொண்டவை எளிது, அவை பெரும்பாலும் ஒட்டியே இருக்கும்: புட் அப் வித் (பொறுத்துக்கொள்), ரன் அவுட் ஆஃப் (தீர்ந்துபோ), கம் அப் வித் (யோசனை கண்டு சொல்), கெட் அலாங் வித் (ஒத்துப்போ). லுக் ஃபார்வர்ட் டு மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. அதிலுள்ள ‘டு’வைப் பார்த்து ‘டு மீட்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதே சரி. வேலைக்கு அனுப்பும் மின்னஞ்சலின் கடைசி வரியில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும்.

ஐந்தாம் படி: காதைப் பழக்குங்கள்

புத்தகத்தில் மூன்று சொல்லாக இருக்கும் ‘புட் இட் ஆஃப்’, பேச்சில் ‘புட்டிட்டாஃப்’ என்று ஒரே மூச்சில் வரும். அமெரிக்கர் வாயில் அந்த ட் இன்னும் மெலிந்து ‘புடிடாஃப்’ ஆகும். ‘வேக் அப்’ ‘வேக்கப்’ ஆவதும் இப்படித்தான். மெய்யெழுத்தில் முடியும் சொல்லின் மேல் உயிரெழுத்து வந்து ஏறுவது நமக்கு நன்னூல் காலத்துப் பழக்கம், ஆகவே இதற்குத் தனிப்பயிற்சி அதிகம் தேவைப்படாது. சொற்களை இடைவெளி விட்டு உச்சரிக்கும் வகுப்பறைப் பழக்கத்தை விட்டாலே போதும்.

அழுத்தம்தான் பழக வேண்டியது. பிரியும் வகையில் பலம் குட்டிச்சொல்லின் மேல் விழும்: ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ ஓங்கி ஒலிக்கும். லுக் ஃபார் போன்றவற்றில் பலம் வினையின் மேல்: ‘லுக்’. பெயர்ச்சொல்லானால் முதல் அசை. ‘எ பிரேக்டவுன்’ என்பதில் ‘பிரேக்’ ஓங்கும், ‘த பஸ் புரோக் டவுன்’ என்பதில் ‘டவுன்’ ஓங்கும். எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னால் கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார்.

யூக்ளிஷ் (YouGlish) என்ற தளத்தில் எந்தத் தொடரைத் தட்டினாலும், யூடியூப் காணொளிகளில் அது பேசப்படும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பிரித்தும் கேட்கலாம். புதிதாகப் படிக்கும் ஒவ்வொன்றையும் அங்கே ஐந்து முறை கேளுங்கள், பேசுபவரோடு சேர்ந்து சொல்லுங்கள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் ஆகும்.

ஆறாம் படி: அட்டை எழுதும் விதம்

‘புட் ஆஃப் = தள்ளிவை’ என்று எழுதிய நினைவு அட்டை (ஃப்ளாஷ் கார்டு) வீண். அது பொருளைச் சொல்கிறது. வாக்கியம் அமைக்கும் விதத்தைச் சொல்லவில்லை. முன்பக்கத்தில் தமிழில் ஒரு சூழ்நிலை எழுதுங்கள்: ‘மழையால் மேட்சைத் தள்ளிவைத்தார்கள்’. பின்பக்கத்தில் மூன்று வரி. முதல் வரி முழு வாக்கியம்: ‘தே புட் ஆஃப் த மேட்ச் பிகாஸ் ஆஃப் த ரெயின்’. இரண்டாவது அதன் இட் வடிவம்: ‘தே புட் இட் ஆஃப்’. மூன்றாவது உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்று, பல் டாக்டரிடம் போவதை நீங்கள் எத்தனை மாதமாகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்பது போல. மூன்றாவது வரியைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் தேர்வில் வந்த சொல் வாயில் வருவதில்லை.

ஒரு அட்டையில் ஒரு பொருள் மட்டும். டேக் ஆஃப்புக்கு விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவது, ஒரு நாள் லீவு எடுப்பது என்று மூன்று பொருள் இருந்தால் மூன்று அட்டை, அதுவும் வேறு வேறு வாரங்களில். எழுதிய மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று திரும்பிப் பாருங்கள். ஆன்கி (Anki) என்ற நினைவு அட்டைச் செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். திரும்பிப் பார்ப்பது இருபது நிமிடத்தைத் தாண்டினால் அந்த வாரம் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

நமக்கே உரிய தவறுகள்

இவை தமிழ்நாட்டிலும் இந்தியா முழுவதிலும் காதுக்குப் பழகிப்போனவை. வெளிநாட்டவரிடம் பேசும்போதுதான் இடறும்.

குட்டிச்சொல்லை விழுங்கிவிடுவது ஒரு வகை. ‘ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்’ என்பதில் அப் காணாமல் போகிறது; ‘பிக்கிங் அப்’ என்று வர வேண்டும். ‘ஃபில் த ஃபார்ம்’ என்பதில் இன் அல்லது அவுட் வேண்டும். வேண்டாத இடத்தில் ஒட்டுவது இன்னொரு வகை: ‘கோப் அப் வித்’ என்று ஒன்று கிடையாது, ‘கோப் வித்’ மட்டுமே. ‘ரிட்டர்ன் பேக்’கில் பேக் மிகை. வினையையே விட்டுவிட்டு ‘ஆஃப் த லைட்’ என்பதும் உண்டு. சிங்கப்பூரிலும் இது கேட்கும். டர்ன் அல்லது ஸ்விட்ச் சேருங்கள். குழாய்க்கும் டர்ன் ஆன், டர்ன் ஆஃப்தான். ஓபன், க்ளோஸ் என்று சொல்வது தமிழின் ‘திற’, ‘மூடு’ உள்ளே புகுந்ததால்.

‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளியே ‘கெட் ஆஃப் த பஸ்’. பஸ், ரயில், விமானம், பைக் என்றால் கெட் ஆன், கெட் ஆஃப். கார், ஆட்டோ, டாக்ஸி என்றால் கெட் இன், கெட் அவுட் ஆஃப்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பாஸ் அவுட். ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்றால் இந்தியாவில் பட்டம் பெற்ற ஆண்டு. லண்டனிலோ சிகாகோவிலோ கேட்பவருக்கு நீங்கள் 2019இல் மயங்கி விழுந்தீர்கள். ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லுங்கள். பாஸ் அவே என்றால் காலமாவது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைண்ட் அவுட்டும் தொல்லை கொடுக்கும். தகவல் தெரியவந்தால்தான் ஃபைண்ட் அவுட். தொலைந்த சாவி கிடைத்தால் வெறும் ஃபைண்ட், அதைத் தேடிக்கொண்டிருந்தால் லுக் ஃபார், அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் லுக் அப்.

ஃப்ரேசல் வெர்ப் என்றாலே கொச்சை என்ற எண்ணமும் பலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. நாம் பள்ளியில் போஸ்ட்போன், டாலரேட், இன்வெஸ்டிகேட் என்ற கனமான சொற்களை முதலில் படித்துவிட்டதால் எழும் மயக்கம் அது. ‘வி ஆர் லுக்கிங் இன்டு இட்’ என்று அலுவலக மின்னஞ்சலில் தாராளமாக எழுதலாம். சட்ட ஆவணம், ஆய்வுக் கட்டுரை என்றால் கனமான சொல்லே பொருந்தும். கட்டளையாக வருபவற்றில் மட்டும் ஜாக்கிரதை: மேலதிகாரியிடம் ‘ஹரி அப்’ ஆகாது, கோபத்தில் இருப்பவரிடம் ‘காம் டவுன்’ என்றால் அவர் கோபம் கூடும்.

மரபுத்தொடர்களுக்கு வேறு அணுகுமுறை

ஃப்ரேசல் வெர்ப் இல்லாமல் பத்து நிமிடம் ஆங்கிலம் பேச முடியாது. மரபுத்தொடர் இல்லாமல் ஆயுள் முழுக்கப் பேசலாம். ஆகவே இவற்றைச் சொல்லக் கற்பதைவிடப் புரிந்துகொள்ளக் கற்பதே முக்கியம். எளிய வடிகட்டி ஒன்று உண்டு: இன்றைக்குப் பேசும் இரண்டு வேறு ஆட்கள் வாயிலிருந்து ஒரு தொடரை மூன்று முறை கேட்டால் மட்டும் அதை நீங்களும் சொல்லலாம். மற்றவை புரிந்தால் போதும். பாடப்புத்தகங்களுக்குப் பிரியமான ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ இந்தச் சல்லடையில் நிற்காது. மழை கொட்டினால் ‘இட்ஸ் போரிங்’ (pouring; அலுப்பைக் குறிக்கும் boring அல்ல) என்கிறார்கள். நாள்தோறும் காதில் விழுபவை அலங்காரம் இல்லாத சின்னத் தொடர்கள்: பை த வே, இட்ஸ் அப் டு யூ (உங்கள் இஷ்டம்), மேக் அப் யுவர் மைண்ட் (ஒரு முடிவுக்கு வா), கால் இட் எ டே (இன்றைக்கு இது போதும்), கெட் அவுட் ஆஃப் ஹேண்ட் (கைமீறிப் போ). முதலில் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பல தொடர்களுக்குத் தமிழில் அச்சு அசலான இணை இருக்கிறது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது, குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது, முதலைக் கண்ணீர், ஒருவர் மேல் ஒரு கண் வைத்திருப்பது, நாக்கு நுனியில் நிற்பது, கைகழுவிவிடுவது, இவை எல்லாம் ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதே படங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அங்கே இரண்டு பறவை. உழைப்பில்லாமல் கிடைப்பவை, ஒரே மாலையில் இருபது சேர்த்துவிடலாம்.

பாதி பொருந்துபவைதான் காலை வாரிவிடும். அந்தக் காலை வாருவதையே பாருங்கள்: தமிழில் அது துரோகம், ‘புல் சம்ஒன்ஸ் லெக்’ வெறும் கிண்டல். நண்பர் ‘ஐ வாஸ் புல்லிங் யுவர் லெக்’ என்றால் கோபப்பட ஒன்றுமில்லை. ‘சீ ஐ டு ஐ’ நேருக்கு நேர் பார்ப்பது அல்ல, கருத்து ஒத்துப்போவது.

மரபுத்தொடரில் ஒரு எழுத்தையும் மாற்றக்கூடாது. லெக் என்பது லெக்ஸ் ஆகாது. ‘எ பீஸ் ஆஃப் கேக்’ என்றால் மிக எளிது. கேக்ஸ் என்றால் தின்பண்டம். ‘கிக் த பக்கெட்’ செத்துப்போவதைக் குறிக்கும், ஆனால் செயப்பாட்டு வினையில் திருப்பினால் உண்மையான வாளியை உதைத்ததாகிவிடும். இரங்கல் சொல்லும் இடத்தில் அதை எந்த வடிவத்திலும் சொல்லவே கூடாது.

கடைசியாக, நாடு பார்த்துப் பேசுங்கள். கண்ணேறு படாமலிருக்க பிரிட்டனில் ‘டச் வுட்’, அமெரிக்காவில் ‘நாக் ஆன் வுட்’. கிரிக்கெட்டிலிருந்து வந்த ‘ஆன் த பேக் ஃபுட்’ (தற்காப்பு நிலையில்), ‘ஸ்டிக்கி விக்கெட்’ (இக்கட்டு) நமக்கு விளக்கமே வேண்டாம். அமெரிக்கரிடம் சொன்னால் விழிப்பார். அவர்கள் பேஸ்பால்காரர்கள். அவர்களுடைய அலுவலகக் கூட்டத்தில் ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்டால் தோராயமான தொகை ஒன்றைச் சொன்னால் போதும். ‘டச் பேஸ்’ என்றால் பிறகு ஒருமுறை பேசிக்கொள்வோம். ‘அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்ட்’ என்றால் யாரும் எதிர்பாராமல் வந்தது. அமெரிக்க நிறுவனத்தோடு வேலை செய்பவர் இந்த மூன்றையும் முதல் கூட்டத்துக்கு முன்பே அட்டையில் ஏற்றிக்கொள்வது நல்லது.